சாய்வு நாற்காலி வந்த வழி



கோலா கங்சார் வட்டாரத்துத் தோட்டங்களை விட்டுப் பட்டணத்துத் தாமான் வீடுகளுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபெயர்ந்த குடும்பங்கள் பலவற்றில், லாரி ஏறும் நாளன்று ஒரு வாக்குவாதம் நடந்திருக்கும். சாமி படங்கள் ஏறிவிட்டன. தையல் இயந்திரம் ஏறிவிட்டது. குத்துவிளக்கும் அம்மியும்கூட ஏறிவிட்டன. லயத்து வாசலில் கிடக்கும் தாத்தாவின் சாய்வு நாற்காலியை என்ன செய்வது? "அதை வைக்கப் புது வீட்டில் இடம் ஏது?" என்பார் மகன். "அது இல்லாத வீட்டில் எனக்கு இடம் ஏது?" என்பார் தாத்தா. பல வீடுகளில் மகன் வென்றிருக்கிறார். சில வீடுகளில் தாத்தா வென்றிருக்கிறார். இன்றைய பேச்சு அந்த நாற்காலியைப் பற்றியதுதான். அது எங்கிருந்து வந்தது, யார் யார் அதில் உட்கார்ந்தார்கள், யார் யார் அதன் எதிரே நின்றார்கள் என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

முதலில் பெயரைப் பார்ப்போம். மேசை என்ற சொல்லைப் போர்த்துகீசியரிடமிருந்து வாங்கினோம். அலமாரி, சாவி, ஜன்னல் ஆகியவையும் அவர்கள் கொண்டுவந்த சொற்களே. இலங்கைத் தமிழர்கள் நாற்காலியைக் 'கதிரை' என்கிறார்கள். அதுவும் போர்த்துகீசியச் சொல்தான். நம் மலாய் அண்டை வீட்டார் சொல்லும் 'கெருசி' அரபு மொழியிலிருந்து வந்தது. 'நாற்காலி' என்பதோ நம் சொந்தச் சொல். கால் நான்கு உடையது நாற்காலி, கால் மூன்று உடையது முக்காலி. பெயர் நம்முடையதே தவிர, அந்தப் பொருள் நம் முன்னோர் வீடுகளில் அரிதாகவே இருந்தது. திண்ணை இருந்தது, பாய் இருந்தது, மணைப் பலகை இருந்தது. வசதி உள்ள வீடுகளில் ஊஞ்சலும் கட்டிலும் இருந்தன. கால் மடக்கித் தரையில் அமர்வதே நம் வழக்கம்.

இதை ஏழ்மையின் அடையாளம் என்று எண்ணிவிடக் கூடாது. பினாங்கிலும் ஈப்போவிலும் கிட்டங்கி வைத்து வட்டித்தொழில் நடத்திய செட்டியார்கள் எப்படி உட்கார்ந்தார்கள் என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அறிவார்கள். ஆயிரக்கணக்கான வெள்ளியைக் கடன் கொடுத்தவர், தரையில் பாய் விரித்து, முன்னே ஒரு சாய்வுப் பெட்டியை வைத்துக்கொண்டுதான் கணக்கு எழுதினார். அவருடைய ஊரான செட்டிநாட்டு வீட்டில் பர்மாத் தேக்கில் கடைந்த பெரிய பெரிய கைவைத்த நாற்காலிகள் இருந்தன. ஆனால் தொழில் நடந்தது தரையில்தான்.

இருக்கைக்கும் மரியாதைக்கும் உள்ள தொடர்பு தமிழர்களுக்குப் புதிதன்று. சங்க காலத்தில் அரசனுடைய ஆசனத்துக்கும் 'கட்டில்' என்றே பெயர், அரசுகட்டில் என்பார்கள். போர்முரசை வைக்கும் கட்டிலும் அதுபோலவே புனிதமானது. மோசிகீரனார் என்ற புலவர் நடந்து வந்த களைப்பில் இன்னதென்று அறியாமல் முரசுகட்டிலில் ஏறிப் படுத்து உறங்கிவிட்டார். அக்குற்றத்துக்குத் தண்டனை வாள்தான். ஆனால் அங்கே வந்த சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை வாளை எடுக்கவில்லை. விசிறியை எடுத்துப் புலவர் விழிக்கும்வரை வீசினான். இக்கதை புறநானூற்றில் இருக்கிறது. அரசன் பெருந்தன்மையானவன் என்பதில் ஐயமில்லை. ஆயினும், களைத்து வந்தவன் ஒரு கட்டிலில் படுத்ததற்கே வெட்டுப்பட வேண்டும் என்று ஒரு விதி இருந்ததே, அதையும் நாம் கவனிக்க வேண்டும். இருக்கை என்பது வெறும் மரம் அல்ல. யார் உட்காரலாம், யார் உட்காரக் கூடாது என்ற சட்டமும் அதனோடு சேர்ந்தே வருகிறது.

இனி, ஐரோப்பியர்கள் வந்த பிறகு நடந்ததைக் காண்போம். தரையில் உட்கார்ந்து பழகாத அவர்கள், போன இடமெல்லாம் நாற்காலி செய்யச் சொன்னார்கள். நம்முடைய சோழமண்டலக் கரையிலே 17-ஆம் நூற்றாண்டில் தச்சர்கள் கருங்காலி மரத்தில் அழகான செதுக்கு வேலை செய்த நாற்காலிகளை அவர்களுக்குச் செய்து கொடுத்தார்கள். அவை கப்பலேறி இங்கிலாந்துக்குப் போயின. நூறு ஆண்டுகள் கழித்து, ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கிலப் பிரபு அவற்றைக் கண்டார். இவை தம் நாட்டு டியூடர் அரசர்கள் காலத்துப் பழம்பொருள் என்று நம்பி, ஆசையோடு தேடித்தேடி வாங்கித் தம் மாளிகையில் வைத்துக்கொண்டார். மற்ற பிரபுக்களும் அவரைப் பார்த்து வாங்கினார்கள். நம் கரையில் செய்த வேலையைத் தங்கள் பாட்டன் சொத்தென்று அவர்கள் கொண்டாடிய வேடிக்கையை என்ன சொல்வது!

நாற்காலியின் அடிப்பாகத்தில் பிரம்பு பின்னுவதும் கிழக்கிலிருந்து மேற்கே போன வழக்கமே. பிரம்பு என்பது நம் பேராக் காட்டில் மரங்களைப் பற்றி ஏறும் கொடிபோன்ற ஒரு பனை வகை. மலாய்க்காரர்கள் 'ரோத்தான்' என்பார்கள். ஆங்கிலச் சொல்லும் அதிலிருந்தே பிறந்தது. பள்ளிக்கூடத்தில் நம் உள்ளங்கை அறிந்த ரோத்தானும் இதுதான். காட்டுக்குள் போய் முள்ளுறை நீக்கி அதை இழுத்து வருவது கடினமான வேலை. ஓராங் அஸ்லி மக்களும் மலாய்க் கிராமத்தாரும் அதில் கைதேர்ந்தவர்கள். தடித்த 'ரோத்தான் மனாவ்' நாற்காலியின் சட்டத்துக்கு ஆகும். மெல்லிய 'ரோத்தான் செகா'வின் தோலைக் கீறி எடுத்துப் பின்னலுக்குப் பயன்படுத்துவார்கள். 1660-களில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் மூலம் இந்தப் பிரம்பு லண்டனுக்குப் போனபோது, இலேசாகவும் மலிவாகவும் பூச்சி அரிக்காததாகவும் இருந்ததால் மக்கள் அதையே விரும்பினார்கள். நாற்காலிக்குக் கம்பளித் துணி தைத்தவர்களின் பிழைப்புக் கெட்டது. அந்த நூற்றாண்டின் இறுதியில் அவர்கள் பாராளுமன்றத்துக்கு மனுப் போட்டுப் பிரம்பு நாற்காலியைத் தடைசெய்யக் கேட்டார்கள். தடை வரவில்லை.

பிரம்பின் பெருமை வெப்ப நாட்டில்தான் முழுமையாகத் தெரியும். முதுகும் தொடையும் வியர்க்காமல் பின்னலின் கண்கள் வழியே காற்று வரும். இந்தப் பிரம்புப் பின்னலோடு, கரையான் எளிதில் தொடாத தேக்குச் சட்டத்தையும் சேர்த்துச் செய்ததுதான் தோட்டத்துத் துரைமார்களின் வராந்தாவில் கிடந்த நீண்ட சாய்வு நாற்காலி. இந்தியா, இலங்கை, ஜாவா, மலாயா எங்கும் ஒரே மாதிரி இருக்கும். இருக்கை பின்பக்கம் சரிந்திருக்கும். இருபுறத்துக் கைகளும் மிக நீளமாக முன்னே நீண்டிருக்கும். சிலவற்றில் கையின் அடியில் இன்னொரு பலகை மறைந்திருந்து, வேண்டும்போது வெளியே சுழன்று வரும். காலைத் தூக்கி அதன்மேல் போட்டுக்கொண்டு சாய்ந்துவிடலாம். மலாய் மொழியில் இத்தகைய சாய்வு நாற்காலிக்குக் 'கெருசி மாலாஸ்' என்று பெயர். சோம்பேறி நாற்காலி என்று பொருள். நான் அதைத் துரை நாற்காலி என்றே சொல்லப் போகிறேன்.

நியாயத்தைச் சொன்னால் அது சோம்பேறிக்காகச் செய்தது அன்று. வெள்ளாப்பிலிருந்து காட்டுமேடெல்லாம் நடந்து வந்தவனுக்குக் கால் வீங்கும். காலை உயர்த்தி வைத்தால் இரத்தம் திரும்பி வீக்கம் வாடும். அதற்கேற்ற நல்ல நாற்காலி அது. ஆனால் அதே காட்டில், துரைக்கு முன்பே இருட்டில் புறப்பட்டு, நானூறு ஐந்நூறு மரங்களுக்குக் குனிந்து நிமிர்ந்து பால் சீவி, பிறகு கனத்த பால் வாளிகளைத் தூக்கி வந்தவர்கள் நம்மவர்கள். யாருடைய காலுக்கு அந்த நாற்காலி அதிகம் தேவைப்பட்டது என்பதை நேயர்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

இவ்விடத்தில் நம் கோலா கங்சாரிலேயே நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டு பர்ச் 1875-இல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்ட பின், 1877-இல் ஹியூ லோ என்பவர் ரெசிடெண்டாக வந்து கோலா கங்சாரில் பேராக் ஆற்றைப் பார்த்த ஒரு மேட்டில் குடியிருந்தார். இசபெல்லா பர்ட் என்ற ஆங்கிலப் பெண்மணி, தனியாக உலகம் சுற்றி எழுதியவர், 1879-ஆம் ஆண்டு பிப்ரவரியில் யானைமேல் ஏறி அங்கே வந்து சேர்ந்தார். லோ அன்று ஊரில் இல்லை. வீட்டை நடத்தியவர் அசாம் என்ற பட்லர். அவர் சென்னைக்காரர், கம்பீரமானவர் என்று அப்பெண்மணி எழுதுகிறார். மாலையில் சாப்பாட்டு மேசையில் மூன்று பேருக்குத் தட்டு வைத்திருப்பதைக் கண்டு, வரப்போவது அரசாங்கக் கிளார்க்குகள் என்று எண்ணி அவர் வராந்தாவில் தயங்கி நின்றார். உட்கார்ந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அசாம் ஒரு பெரிய வாலில்லாக் குரங்கை அழைத்து வந்தார். ஒரு மலாய்ப் பையன் சின்னக் குரங்கு ஒன்றைக் கொண்டு வந்தான். ஒரு சீக்கியர் பெரிய நாய் ஒன்றைக் கொண்டு வந்து அப்பெண்மணியின் நாற்காலியில் கட்டினார். எல்லாம் மிகுந்த மரியாதையோடு நடந்தது. குரங்குகளுக்கும் பீங்கான் தட்டில் கறி, சட்டினி, அன்னாசி, முட்டை, வாழைப்பழம் எல்லாம் பரிமாறப்பட்டன. சின்னக் குரங்கு சற்று நேரத்தில் தன் நாற்காலியை விட்டு மேசைமேல் ஏறி, அவர் தட்டிலிருந்தே எடுத்துத் தின்றது.

இசபெல்லா பர்ட் இதை நகைச்சுவையாக எழுதினார். 1883-இல் வெளிவந்த அவருடைய மலாயா பயணநூலைப் படித்தவர்களும் சிரித்திருப்பார்கள். நானும் படித்துச் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு அந்த அறையை மறுபடி மனத்திலே பார்த்தேன். குரங்கு நாற்காலியில் இருக்கிறது. சென்னைக்காரர் பக்கத்தில் நின்று பரிமாறுகிறார். மலாய்ப் பையன் நிற்கிறான். ஒரு சீனர் படிக்கட்டில் உட்கார்ந்து பங்கா இழுக்கிறார். ஹியூ லோ கொடியவர் அல்லர். மலாய் மக்களின் வழக்கங்களை மதித்தவர், கடன் அடிமைமுறையை ஒழிக்க முயன்றவர் என்று வரலாறு அவரைப் போற்றுகிறது. அப்படிப்பட்ட நல்லவருடைய வீட்டிலேயே இருக்கையின் வரிசை அப்படி இருந்தது. யாரும் அதை விந்தையாகக் கருதவில்லை.

அந்த ரெசிடென்சித் தோட்டத்தில் இன்னொன்றும் அப்போது வளர்ந்துகொண்டிருந்தது. பிரேசிலிலிருந்து 1876-இல் விக்கம் கொண்டுபோன ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அவற்றின் வழியில் வந்த 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் ஒன்பது கோலா கங்சாரில் நடப்பட்டன. குரங்குகள் நாற்காலியில் விருந்துண்ட அந்த மாலையில் வெளியே கன்றுகளாக நின்றவை அவைதான். அவற்றில் ஒரு மரம் கோலா கங்சார் மாவட்ட அலுவலகத்துக்கு அருகில் வேலியிட்டுப் பாதுகாக்கப்பட்டு நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த மர வகைதான் நம் பாட்டன்மாரைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தது.

மரங்கள் பெருகின. தோட்டங்கள் வந்தன. மேட்டில் துரை பங்களா, சற்றுக் கீழே கிராணி வீடுகள், பள்ளத்தில் லயங்கள் என்று ஓர் ஒழுங்கு ஏற்பட்டது. இருக்கைகளும் அதே ஒழுங்கில்தான் இருந்தன. பங்களா வராந்தாவில் துரை நாற்காலி. ஆபீசில் பெரிய கிராணிக்குக் கைவைத்த நாற்காலி, சின்னக் கிராணிக்குக் கையில்லாத நாற்காலி. பிரட்டுக் களத்தில் நம்மவர் நின்றார்கள். சம்பள நாளிலும் நின்றார்கள். வழக்குச் சொல்லப் போனாலும் ஆபீஸ் படிக்குக் கீழேதான் நின்றார்கள். இதை எழுதிவைத்த சட்டம் எதுவும் இல்லை. எழுதாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

உட்கார்வதற்கும் நிற்பதற்கும் இவ்வளவு பேச்சா என்று இளைஞர்கள் கேட்கலாம். 1941-இல் சிலாங்கூர் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் பெரும் வேலை நிறுத்தம் செய்தார்கள். ஆர். எச். நாதன் என்பவர் முன்னின்றார். சம்பள உயர்வு, பிள்ளைகளுக்குப் படிப்பு, கள்ளுக்கடையை மூடுவது ஆகியவற்றோடு இன்னொரு கோரிக்கையும் அந்தப் பட்டியலில் இருந்தது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதே அது. சைக்கிள் இருக்கையும் ஓர் இருக்கைதானே! அதில் உட்கார்ந்தபடி போகும் உரிமைக்காகவும் அவர்கள் போராடினார்கள். நாதனை அரசாங்கம் கைதுசெய்து நாடு கடத்தியது. இராணுவம் வந்தது. தொழிலாளர் ஐவர் சுடப்பட்டு இறந்தார்கள்.

கைவைத்த நாற்காலியில் நம்மவர் முதன்முதலாக உட்கார்ந்த இடம் எது? என் எண்ணத்தில், பலருக்கு அது படம் பிடிக்கும் ஸ்டூடியோவாகத்தான் இருந்திருக்கும். வீட்டில் பழைய படம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பின்னால் மாளிகையும் தூணும் வரைந்த திரை. பக்கத்தில் பூச்சாடி வைத்த முக்காலி. நடுவே கடைந்த கால்களும் வளைந்த கைகளும் கொண்ட ஒரு நாற்காலி. அதில் பாட்டன் அமர்ந்திருப்பார், இரண்டு கைகளையும் முழங்கால்மேல் விறைப்பாக வைத்துக்கொண்டு. சாய மாட்டார். சாய்ந்தால் நாற்காலிக்காரர் ஏதாவது சொல்வாரோ என்று அஞ்சுவதுபோல் நுனியில் இருப்பார். பாட்டி பக்கத்தில் நின்று நாற்காலியின் கைமேல் விரல்களை வைத்திருப்பார். ஊருக்கு அனுப்புவதற்காக எடுத்த படம் அது. மலாயாவில் நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்பதைக் கடிதத்தில் எழுதினால் நம்ப மாட்டார்கள். நாற்காலியைப் பார்த்தால் நம்புவார்கள்.

தோட்டத்துக் குழுப் படங்களில் இன்னொரு வரிசையைக் காணலாம். நடுநாற்காலியில் துரை, இருபுறமும் கிராணிமார், ஓரத்தில் கங்காணி, பின்னால் நிற்பவர்கள், முன்னால் தரையில் பிள்ளைகள். இந்த வரிசை துரைமார் தாமாகக் கண்டுபிடித்ததன்று. 1897 ஜூலையில் நான்கு மலாய் நாடுகளின் ஆட்சியாளர்கள் முதன்முதலாகக் கூடிய மாநாடு நம் கோலா கங்சாரில்தான் நடந்தது. அந்தக் காலத்து அரச சபைகளில் நாற்காலி யாருக்கு, எந்த வரிசையில் என்பது பெரும் விஷயம். மேலே எப்படியோ கீழேயும் அப்படியே.

பிறகு நாற்காலி மெல்ல மெல்ல லயத்துக்கு இறங்கி வந்தது. முதலில் வந்தது துணிச் சாய்வு நாற்காலி. நாலு சட்டம், ஒரு முரட்டுத் துணி, துணியின் இரு ஓரத்திலும் செருகிய இரண்டு கம்புகள். அவ்வளவுதான். தோட்டத்துத் தச்சர் ஓய்வு நேரத்தில் மிச்சப் பலகையில் செய்து கொடுத்துவிடுவார். துணி நைந்தால் வீட்டிலேயே புதுத்துணி தைத்துக்கொள்ளலாம். மேற்கம்பை மட்டும் உருவிவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் துணியைப் பழையபடி போட்டுவைத்து, உட்கார வந்த மாமா தரையில் விழுவதைக் கதவிடுக்கில் நின்று பார்த்த தலைமுறை ஒன்று இந்த நாட்டில் இருக்கிறது. அதற்கு வாங்கிய அடியும் அந்த ரோத்தானில்தான்! பின்னர் இரும்புச் சட்டத்தில் பிளாஸ்டிக் கயிறு சுற்றிய நாற்காலிகள் வந்தன. அவை மழையில் நனைந்தாலும் கெடா. கடைத்தெருவின் சீனர் காப்பிக் கடைகளில் பார்க்கும் வளைந்த மர நாற்காலி வேறு வமிசம். ஆவியில் மரத்தை வளைத்துச் செய்யும் அந்த முறையில், ஆஸ்திரியா நாட்டு மைக்கேல் தோனெட் 1859-இல் வெளியிட்ட நாற்காலியின் வாரிசுகள் அவை. கழற்றிப் பெட்டியில் அடுக்கி உலகமெங்கும் அனுப்பினார்கள். பளிங்கு மேசையும் அந்த நாற்காலியும் இல்லாத பழைய காப்பிக் கடையைப் பேராக்கில் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

லயத்து வாசலில் சாய்வு நாற்காலி வந்ததும் வீட்டுக்குள்ளும் ஒரு சட்டம் வந்தது. அது தாத்தாவுடைய இடம், அல்லது அப்பாவுடைய இடம். அவர் இல்லாதபோது பிள்ளைகள் ஏறி ஆடுவார்கள். செருப்புச் சத்தம் கேட்டதும் இறங்கி ஓடுவார்கள். பெரியவர் மறைந்த பிறகு பல நாள் அதில் யாரும் உட்கார மாட்டார்கள். இதெல்லாம் அன்பின் அடையாளம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அம்மா எங்கே உட்கார்ந்தார்? அவரும் அதே நேரத்துக்கு எழுந்து, சமைத்துவிட்டு, பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டு, அதே அளவு மரம் சீவி வந்தவர். திரும்பி வந்தும் அடுப்படியில் மணைப் பலகையில்தான் அவருக்கு இடம். துரை பங்களாவில் கண்ட அநியாயத்தைப் பற்றிப் பேசும்போது, நம் வாசலில் இருந்ததையும் சேர்த்துப் பேசுவதே முறை என்று நினைக்கிறேன்.

நாடு 1957-இல் விடுதலை பெற்றது. அதையொட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டார்கள். வாங்கியவர்கள் சிலர் தோட்டத்தைச் சிறுசிறு துண்டாக்கி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நாம் இன்றும் சொல்லும் கொடுமை அது. வேலை போயிற்று, வேலையோடு வீடும் போயிற்று. அப்போது நம் கோலா கங்சார் மாவட்டத்துச் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன், 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தோட்டம் தோட்டமாகச் சென்று, மாதம் 10 வெள்ளி வீதம் கட்டி 100 வெள்ளிப் பங்கு வாங்குங்கள் என்று தொழிலாளர்களிடம் கேட்டார். சேர்ந்த பணத்தில் சங்கம் தோட்டங்களை வாங்கியது. முதல் தோட்டம் கெடாவில் புக்கிட் சிடிம். பால் வெட்டியவர்களே பங்குதாரர்கள் ஆனார்கள். அதாவது, பங்களா வராந்தாவில் கிடந்த நாற்காலியிலும் அவர்களுக்கு ஒரு பங்கு வந்தது.

நாற்காலியின் கதையில் ரப்பர் மரம் கடைசியாக வந்து சேர்ந்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பால்மரம் ஏறக்குறைய 25, 30 ஆண்டுகளில் பால் வற்றிப்போகும். வெட்டிவிட்டு மறுநடவு செய்வார்கள். வெட்டிய மரம் வெகுகாலம் விறகாகத்தான் போயிற்று. புகைவீட்டில் எரிந்தது, கரியானது. அதில் மாவுச்சத்து மிகுதி. அதனால் வெட்டிய சில நாட்களிலேயே பூசணம் நீலமாகப் படரும், வண்டு துளைக்கும். நாற்காலி செய்ய லாயக்கற்ற மரம் என்று தச்சர்கள் தள்ளிவிட்டார்கள். பிறகு ஆராய்ச்சியாளர்கள் ஒரு வழி கண்டார்கள். வெட்டியவுடன் காலம் தாழ்த்தாமல் அறுத்து, போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் பலகைக்குள் செலுத்தி, சூளையில் காயவைத்தால் பூச்சியும் பூசணமும் அண்டா. 1970-களின் பிற்பகுதியிலிருந்து இந்தத் தொழில் வளர்ந்தது. ஜொகூரின் மூவார் நகரம் அதற்குப் பெயர்பெற்ற இடம். மலேசியா வெளிநாடுகளுக்கு அனுப்பும் மரச் சாமான்களில் பெரும்பகுதி ரப்பர் மரத்தால் ஆனது. நம் பாட்டி சீவிய மரத்தின் தங்கை ஒருத்தி, அமெரிக்காவில் யாரோ ஒருவர் வீட்டில் கைவைத்த நாற்காலியாக நிற்கிறாள்.

இனி, உங்கள் வீட்டில் கிடக்கும் பழைய நாற்காலிக்கு வருவோம். தோட்டங்கள் கைமாறியபோதும் செம்பனைக்காக லயங்கள் இடிக்கப்பட்டபோதும், பங்களாச் சாமான்கள் பல ஏலத்தில் போயின. சில, வேலை செய்தவர்களுக்கு இனாமாகக் கிடைத்தன. ஆகவே உங்கள் வாசலில் இருப்பது தேக்கில் செய்த அசல் துரை நாற்காலியாகவே இருக்கக்கூடும். பழைய சாமான் வாங்குபவர் வந்து, "உடைந்ததுதானே" என்று சொல்லிப் பத்து இருபது வெள்ளி நீட்டினால் உடனே தலையாட்டாதீர்கள். கவிழ்த்துப் பாருங்கள். பின்னல் சட்டத்தில் வரிசையாகத் துளையிட்டு, ஒவ்வொரு துளை வழியாகவும் கையால் கோத்ததா? அப்படியானால் பழைய வேலையாக இருக்க வாய்ப்புண்டு. காடியில் ஆயத்தப் பின்னலை வைத்து அழுத்தி, மேலே ஒரு பிரம்புக் கயிற்றால் அடைத்திருந்தால் அது பெரும்பாலும் பிற்காலத்தது. மூட்டுகளில் இரும்பாணிக்குப் பதில் மர ஆணி இருக்கிறதா, அடிப்பலகையில் கைவாளின் கோணல் தடம் தெரிகிறதா என்றும் பாருங்கள். நூறாண்டு கடந்தவற்றையே பழம்பொருள் என்று வணிகர்கள் சொல்வார்கள். அதற்குக் குறைந்தவையும் விலைபோகின்றன.

விற்பதும் வைத்துக்கொள்வதும் உங்கள் விருப்பம். வைத்துக்கொள்வதாயின், உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பான வார்னிஷ் அடிக்க வேண்டாம். எத்தனையோ கைகள் பட்டு ஏறிய அந்தக் கருமெருகு போய்விட்டால் திரும்ப வராது. ஈரம் பிழிந்த துணியால் துடைத்து, மெழுகு சிறிது தடவினால் போதும். கால்கள் ஈரத் தரையில் படாதபடி ஏதேனும் வைக்க வேண்டும்.

பின்னல் தொய்ந்துவிட்டதென்று தூக்கி எறிபவர்கள் உண்டு. இழைகள் அறுந்திராவிட்டால் அதைச் சரிசெய்ய ஒரு காசும் செலவில்லை. நாற்காலியைக் கவிழ்த்து வையுங்கள். பிரம்பின் வழுவழுப்பான மேற்பக்கம் நீரை எளிதில் ஏற்காது, அடிப்பக்கம்தான் ஏற்கும். வெந்நீரில் நனைத்த துணியை அந்த அடிப்பக்கத்தின்மேல் அரைமணி நேரம் போட்டு, நன்றாக ஊறியதும் எடுத்துவிட்டு, நிழலில் காற்றுப்பட வைக்க வேண்டும். காயும்போது பிரம்பு சுருங்கித் தானே இறுகும். வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். மறுநாள் காலைவரை பிள்ளைகளை அதன்மேல் ஏறவிட வேண்டாம்.